மனுதாரர் கடைசியாகச் சொன்னது

காலையில் ஷிபின் எழுந்தான். பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். பல் தேய்த்தான். கன்னத்தில் சோப்பைத் தேய்த்தான்; நுரைக்கவில்லை. நுரைக்காமலே சவரம் செய்தான். கீறிய இடத்தில் தண்ணீரை அடித்தான், எரிந்தது. நேற்றைவிடக் கூடுதலாக எரிந்தது. ஆற்றில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவனுக்குத் தினமும் இப்படித் தெரிந்துவிடும்.

மாமியார் ஜெபகனி கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். கோடையில் அந்த வீட்டில் பால் வாங்குவதில்லை; உப்புத் தண்ணீரில் திரிந்துவிடும். சாயாவில் சீனியைக் கூட்டினாலும் உப்பு தெரிந்தது, குறைத்தாலும் தெரிந்தது. குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்தான். சட்டையை மாட்டினான்.

அவன் வேதியியலில் முதுகலை படித்தவன். புதுக்கடையில் ஒரு பெயிண்டுக் கடையில் நிறம் கலக்கும் எந்திரத்தின் முன்னால் நிற்கிறான். வெள்ளையில் ஒரு சொட்டு நீலம், இரண்டு சொட்டு மஞ்சள் என்று வேலை. மனைவி ஜெஸ்பின் இறந்த பிறகு அவன் கலந்த நிறத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. அதற்கு முன் வந்ததுண்டு.

வீட்டில் இப்போது அவனும் மாமியாரும்தான். ஜெபகனிக்குப் போக வேறு இடமில்லை. ஷிபினுக்குப் போகத் தோன்றவில்லை.

வாசலில் தங்கையனின் குரல் கேட்டது.

"லேய் ஷிபினே, எறங்கிட்டியா?"

தங்கையன் ஆற்றங்கரையில் வாழை போட்டிருப்பவர். ஊரில் ஆற்றுக்குக் குறுக்கே முட்டுப் போடும் காலத்தில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவது அவர்தான். இரண்டு வருடமாக விரட்ட ஆளில்லாமல் குரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"மாசி அமாவாசை வாவுக்கு இனி எத்தற நாளு கெடக்கு? இந்த வாவுக்கு ஏறுத உப்பு பின்ன எறங்காது, கேட்டியா. எனக்க வாழ அம்புட்டும் நுனி கருகி நிக்கி. ஒனக்க மாமிக்க காலப் பாத்தியா? சக்கப்பழம் மாதிரி வீங்கிக் கெடக்கு."

"பாத்தேன்."

"பின்ன? டாக்டரு உப்பக் கொறைக்கச் சொல்லுதாரு, ஆறு கூட்டுது. போயி அந்த மனுவத் திருப்பி வாங்கிற்று வா. ஒனக்க பெஞ்சாதி போட்ட மனுதானே."

"அவ இல்லியே."

"அவ இல்லாட்டா என்ன மக்கா? மனு இருக்குல்லா."

இது உண்மை. கைதவிளை ஊரில் ஜெஸ்பின் இல்லாமல் போய் இரண்டு வருடமாகிறது. மனு மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது.

கைதையாறு சின்ன ஆறு. மலையிலிருந்து ஒழுங்காகத்தான் இறங்கி வருகிறது. கோடையில் மேலிருந்து வரத்து குறைந்தால் கடல் ஆற்றுக்குள் ஏறிவரும். இதில் யார் குற்றமும் இல்லை. தை கடைசியில் ஊர்க்காரர்கள் ஆற்றின் குறுக்கே தென்னந்தடிகளை அடித்து, முடைந்த ஓலையைச் சார்த்தி, கரையிலிருந்து களிமண் வெட்டிப் போட்டு மிதித்து ஒரு தடுப்புக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் முட்டு. முட்டுக்குக் கீழே கடல், மேலே குடிதண்ணீர். ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஆறு பெருகும்போது அவர்களே அதை வெட்டிவிட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சிறுவர் முதல் பெரியவர் வரை ஆற்றில் கிடப்பார்கள்.

ஒரு வருடம் யாரோ ஓர் அதிகாரி வந்து, கரையில் மண் வெட்டுவதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரில் கையெழுத்து நன்றாக இருப்பவள் ஜெஸ்பின். அவள் அரைப்பக்கத்தில் ஒரு மனு எழுதினாள். ஐயா, எங்கள் ஆற்றில் உப்பு ஏறாமல் இருக்க முட்டுப் போட வேண்டும், அதற்குக் கொஞ்சம் களிமண் வெட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மனு மேலே போனது. போகப் போக அதிலிருந்த களிமண் உதிர்ந்து உப்பு மட்டும் மிஞ்சியது. கடைசியில் 'கைதையாற்று இயற்கை உப்பு மாசு தணிப்பு மாற்றுவழிகள் ஆணையம்' என்று ஒன்று உண்டாகி, பத்மநாபபுரத்தில் வாடகைக்கு ஒரு பழைய ஓட்டுக்கட்டடமும் பிடித்து, அதற்கு ஒரு தலைவரும் செயலரும் ஜீப்பும் வந்து சேர்ந்தார்கள்.

ஆணையத்தின் முதல் உத்தரவு, ஆய்வு முடியும்வரை ஆறு இயற்கை நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது. அதன்படி முட்டுப் போடக் கூடாது. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டார்கள். ஆணையம் பொறுமையாக விளக்கியது: ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கும் ஏழு மாற்றுவழிகளில் முட்டு நான்காவது, ஆய்வில் இருக்கும் ஒரு வழியை ஆய்வுக்கு முன்பே செய்துபார்ப்பது ஆய்வை அவமதிப்பதாகும்.

அந்த வருடம் உப்பு தேவாலயத்துக் கிணறுவரை ஏறியது. அந்த வருட மழைக்காலத்திலேயே ஜெஸ்பின் காய்ச்சலில் இறந்தாள்.

ஆணையம் அவளுடைய இறப்பை முறைப்படி பதிவு செய்துகொண்டு, விசாரணைக்கு ஆஜராகும்படி அவளுக்கே கடிதம் அனுப்பியது. சட்டப்படியான வாரிசு என்று ஷிபின் போனான். மனுதாரரை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது விதி. டவாலி அணிந்த ஒருவர் வராந்தாவில் நின்று ஜெஸ்பின், ஜெஸ்பின், ஜெஸ்பின் என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். ஷிபின் எழுந்து "இல்லை" என்றான். "ஆஜரில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு விசாரணையிலும் இதுதான் நடந்தது. அந்த மூன்று முறை கூப்பிடலுக்காக மட்டும் அவன் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போவதை யாரும் அறியவில்லை. வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

ஆணையம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. உப்பு இயற்கையானது என்றால் யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் அது இயற்கையானதுதான் என்பதைக் கடல் தரப்பைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது? எனவே கடலுக்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. செயலரே நேரில் போய்க் கடற்கரையில் ஒரு கம்பு நட்டு அதில் ஒட்டினார். சாயங்காலம் அலை ஏறிவந்து கம்போடு கொண்டுபோய்விட்டது. 'எதிர்மனுதாரர் நேரில் பெற்றுக்கொண்டார்' என்று செயலர் குறிப்பு எழுதினார். குறித்த நாளில் கடல் ஆஜராகவில்லை. வாய்தா கொடுத்தார்கள்.

பிறகு உப்பை அளக்க ஒரு கருவி வந்தது. ஆற்றில் இறக்கி வைத்தார்கள். அடுத்த மாதம் அது வேலை செய்யவில்லை, உப்பு அரித்துவிட்டது. கருவியின் தரக்குறைவைப் பற்றி ஒரு துணைக்குழு அமைந்தது. மாற்றுக் கருவி வரும்வரை நாக்கால் ருசித்து அளப்பது என்று தீர்மானித்தார்கள். உறுப்பினர் அனைவருக்கும் ரத்த அழுத்தம் இருந்ததால் அது நடக்கவில்லை.

இரண்டாவது மாற்றுவழிக்கு ஒரு நாள் செய்முறை விளக்கம் வைத்தார்கள். டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றி உப்பை நீர்த்துப்போகச் செய்வது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. லாரி ஊற்றியது. போனது. மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தது. எங்கே நிறைக்கிறார்கள் என்று தங்கையன் பின்னாலேயே மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம ஆத்துலதான் மக்கா. பாலத்துக்கு மேப்பொறத்துல மோந்து, கீழ்ப்பொறத்துல ஊத்துதானுவ."

"மேல நல்ல வெள்ளம்தானே, அதக் கீழ கொண்டுவாறாவ" என்றான் ஷிபின்.

"அது தன்னால வரும்லா லேய்! ஆறுல்லா அது!"

*

தங்கையன் வந்து சொன்ன அன்று ஷிபின் கடைக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பத்மநாபபுரம் போனான்.

ஆணையத்தின் கட்டடத்தை அரண்மனையின் ஒரு பகுதி என்று நினைத்து உல்லாசப் பயணிகள் சிலர் வந்துபோவது வழக்கம். அன்றும் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பு அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஓர் எழுத்தரைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

செயலர் சுயம்புராஜ் நல்ல மனிதர். எல்லாருக்கும் உட்கார நாற்காலி கொடுப்பார்.

"மனுவைத் திரும்ப வாங்கணும் சார்" என்றான் ஷிபின்.

"மனுதாரர் வாங்கலாம். தாராளமா வாங்கலாம். அவங்க வரணும்."

"அவங்க இறந்துட்டாங்க."

"தெரியும் தம்பி. நான்தானே அனுதாபத் தீர்மானம் எழுதினேன். வாரிசு மனுவைத் தொடரலாம். திரும்ப வாங்க முடியாது. மனுதாரருக்க விருப்பம் என்னண்ணு வாரிசுக்கு எப்பிடித் தெரியும்?"

"களிமண் வெட்டணும். அதான் விருப்பம்."

"அது மனுல எங்கயாவது இருக்கா?"

ஷிபின் கோப்பைப் பார்த்தான். கட்டுக்கட்டாக இருந்தது. ஜெஸ்பினின் அரைப்பக்கம் அதில் எங்கோ இருக்க வேண்டும். கேட்கவில்லை.

சுயம்புராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி உண்டும். மனுதாரர் சாகப்போற நேரத்துல தன் வாயால மனுவ வேண்டாம்னு சொல்லியிருந்தா, அது செல்லும். மரண வாக்குமூலம் மாதிரி. அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

ஷிபின் கோப்புக்கட்டின் நாடாவை இழுத்துவிட்டான்.

"ஏதாவது சொல்லியிருப்பாங்கல்லா?"

"சொன்னா."

"என்ன?"

அதற்குள் உள்ளறையிலிருந்து தலைவர் பகவதியப்பன் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர். சாதாரணமாகப் பேசும்போதும் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பது போலப் பேசுவார். பெரும்பாலும் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்.

"மனுவைத் திரும்பப் பெறுவதா?" என்றார். "தம்பி, நீங்கள் படித்தவர். யோசிக்க வேண்டும். உங்கள் மனைவி உப்புக்கு எதிரான போரில் உயிர்நீத்த முதல் மனுதாரர்."

"காய்ச்சல் சார். எலிக்காய்ச்சல்."

"காய்ச்சலில் வியர்வை வரும். வியர்வையில் என்ன இருக்கிறது?" தலைவர் சற்று நிறுத்தினார். எழுதுகிறவர் எழுதி முடித்தார். "அவருடைய படத்தை எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டிருக்கிறோம். அவர் பெயரில் ஆண்டுதோறும் உப்பு விழிப்புணர்வு நாள் நடத்துகிறோம். இந்த வருடம் மாணவர்களுக்குக் கோலப்போட்டி. மனுவைத் திரும்பப் பெற்றால் இதெல்லாம் என்ன ஆவது? இங்கே பதினெட்டுக் குடும்பங்கள் அந்த உப்பைத் தின்று வாழ்கின்றன."

"எங்க ஊரும் அதத்தான் தின்னுது சார்."

"ஆய்வின்படி அது நல்லதுதான். ஐந்தாம் மாற்றுவழி என்ன சொல்கிறது? உப்பு இருப்பது சிக்கலே அல்ல, உப்பு என்று தெரிவதுதான் சிக்கல். மக்களுக்கு மனப்பக்குவம் வேண்டும். ஆற்று நீரில் சமைத்தால் குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம்! அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை ஆணையம் வசூலிக்கலாமா என்பதுதான் ஆறாம் மாற்றுவழி."

"ஏழாவது என்ன சார்?"

"ஒன்றும் செய்யாதிருத்தல்." தலைவர் பெருமூச்சு விட்டார். "அதுதான் மிகவும் கடினமானது. அதற்குத்தான் ஊழியர் அதிகம் தேவைப்படுகிறார்கள்."

உல்லாசப் பயணக் குடும்பத்தின் தலைவர் உள்ளே எட்டிப் பார்த்து, ராஜாவின் கட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார்.

*

மரண வாக்குமூலம் என்ற செய்தி ஷிபின் பஸ் இறங்குவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. தேவாலய வளாகத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"அப்பம் காரியம் எளுப்பம்தானே" என்றார் தங்கையன். "மனுவ வாங்கிடுங்க, முட்டுப் போடட்டும்னு சொன்னாண்ணு சொல்லிரு. ஒரு வரி. தீந்துது."

"அவ அப்பிடிச் சொல்லல்ல."

"பின்ன என்ன சொன்னா?"

போதகருக்கு லேசான சங்கடம். அடக்க ஆராதனையில் அவர், நம் சகோதரி 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார் என்று பிரசங்கம் பண்ணியிருந்தார். எல்லோரும் அழுதிருந்தார்கள். "தம்பி," என்றார் இப்போது, "வசனத்த சொல்லிட்டு, அதுக்குப் பொறவு மனு விஷயத்தையும் சொன்னதாட்டு வெச்சுக்கலாமா? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரல்லல்லா?"

"வசனம் மொதல்லயா மனு மொதல்லயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வசனம்தான் மொதல்ல வரணும்."

"அப்பம் கடைசியாச் சொன்னது மனுதானே? வசனம் கடைசி இல்லாம ஆயிரும்."

இதைப் பற்றி ஒரு தர்க்கம் எழுந்தது. ஆணையம் ஊருக்கு வந்ததிலிருந்து ஊரும் கொஞ்சம் ஆணையம்போல ஆகிவிட்டிருந்தது. ஷிபின் எழுந்து வீட்டுக்குப் போனான்.

விசாரணையை ஆற்றங்கரையிலேயே நடத்துவதாக ஆணையம் அறிவித்தது. அன்று காலை அவன் நுரைக்காத சோப்பில் சவரம் செய்தான். ஜெபகனி சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். அவள் காலைத் தரையில் ஊன்றும்போது முகம் சுளிப்பது அவனுக்குத் தெரிந்தது.

"மக்கா" என்றாள்.

"என்ன மாமி?"

"அவ கடைசியா என்ன சொன்னாண்ணு நீ எனக்கிட்டயே சொன்னதில்ல. நானும் கேக்கல்ல. இப்பம் அவனுவளுக்க முன்னால சொல்லப்போறியா?"

"இல்ல மாமி."

"அப்பம் பொய்யா?"

"தெரியல்ல."

ஜெபகனி சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டாள். "பொய்யே சொல்லு. நெசம் அவனுவளுக்கு என்னத்துக்கு."

*

ஆற்றங்கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில். பின்னால் பேனரில் ஜெஸ்பின் சிரித்துக்கொண்டிருந்தாள். அது ரேஷன் அட்டைக்கு எடுத்த படம். படமெடுத்தவர் சிரிக்காதீர்கள் என்று சொல்லியும் சிரித்துவிட்டாள். இப்போது அவள் ஒரு தென்னை உயரம் இருந்தாள்.

தலைவர் பேசினார்.

"இந்த ஆற்றை நாங்கள் எங்கள் தாயாக நினைக்கிறோம். அதனால்தான் அதில் கைவைக்கவில்லை. எங்கள் ஆணையம் தோன்றியபோது உப்பு தேவாலயம்வரைதான் இருந்தது. இன்று பாலம்வரை இருக்கிறது. எங்கள் ஆய்வுப் பரப்பு இரட்டிப்பாகியிருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். சிலர், ஆணையம் இந்த ஆற்று நீரை வீணாக்குகிறது என்கிறார்கள். அபாண்டம். நாங்கள் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை." பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "கூட்டங்களுக்கு எப்போதும் பாட்டில்தான்."

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

டவாலிக்காரர் ஆற்றைப் பார்த்து நின்று மூன்று முறை கூப்பிட்டார். ஷிபின் எழுந்து "இல்லை" என்றான். பிறகு அவனை முன்னால் நிறுத்தி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று சொல்லவைத்தார்கள். சொன்னான்.

செயலர் கேட்டார். "மனுதாரர் அந்த நேரத்தில் சுயநினைவோடு இருந்தாரா?"

"இருந்தா."

"உடன் யார் இருந்தது?"

"நான்."

"அவர் கடைசியாகச் சொன்னது என்ன?"

தங்கையன் முன்வரிசையில் உதடு அசைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெபகனி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி வைத்திருந்தாள். ஷிபின் அந்தக் காலைப் பார்த்தான். ஜெஸ்பினுடைய வசனத்தைப் போதகர் சொல்லியாயிற்று. படத்தை ஆணையம் எடுத்துக்கொண்டது. பெயரை டவாலிக்காரர் கூப்பிடுகிறார். யாரிடமும் போகாதது ஒன்றே ஒன்றுதான். அதை உள்ளே வைத்துக்கொண்டு சொன்னான்.

"மனுவத் திருப்பி வாங்கிடுங்க, ஊருக்காரங்க முட்டுப் போடட்டும்னு சொன்னா."

கூட்டம் மூச்சு விட்டது. செயலர் எழுதினார். தலைவர் கையை உயர்த்தினார்.

"எந்த மனுவை?"

"முட்டு மனுவ."

"அப்படியொரு மனு எங்களிடம் இல்லை. இயற்கை உப்பு மாசு குறித்த மனுதான் உள்ளது. அவர் வேறு ஏதாவது மனுவைச் சொல்லியிருக்கலாம். ரேஷன் அட்டை, பட்டா, எதுவாகவும் இருக்கலாம். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டாரா?"

தங்கையன் உதட்டை அசைப்பதை நிறுத்திவிட்டார். இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"குறிப்பிட்டா" என்றான் ஷிபின்.

"முழுவதுமாகவா?"

"முழுசும்."

"ஆண்டு?"

"ஆண்டும் சொன்னா."

"எண்ணுக்கும் ஆண்டுக்கும் நடுவே ஒரு சாய்கோடு உண்டு. அது இல்லையென்றால் வேறு கோப்பு. சாய்கோட்டைச் சொன்னாரா?"

"சொன்னா."

"எப்படிச் சொன்னார்?"

ஷிபின் கொஞ்சம் யோசித்தான். கையைத் தூக்கி, காற்றில் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்தான். "இப்பிடி. டிரிப் போட்டிருந்த கையால."

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். "அவ படிக்கயிலயே அப்பிடித்தானே. ஒண்ணு விடமாட்டா."

"ஆமா, கெட்டிக்காரியாக்கும்" என்றது இன்னொரு குரல். பொய் என்று தெரிந்தவர்களே நம்பத் தொடங்கியிருந்தார்கள். போதகர்கூடத் தலையை ஆட்டினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரணப் படுக்கையிலும் சாய்கோட்டை மறக்காத ஒரு குடிமகள்" என்றார். பாட்டிலைத் திறந்து குடித்தார்.

அது துக்கம் மட்டுமல்ல. மனு போனால் ஆணையம் போகும். பதினெட்டுக் குடும்பங்கள் அவர் கண்முன்னால் வந்தன. அப்போதுதான் செயலர் சுயம்புராஜ் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மெதுவாகத் தெளிந்தது. எழுந்து நின்றார்.

"மனுதாரரின் இறுதி விருப்பத்தை ஆணையம் ஏற்கிறது. மனு திரும்பப் பெறப்பட்டது. முட்டு இனி மாற்றுவழி அல்ல. ஆய்வில் இல்லாத ஒன்றை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதே நேரத்தில், ஒரு மனு திரும்பப் பெறப்பட்டதால் ஆற்றில் ஏற்படும் விளைவுகளை ஆராய இந்த ஆணையம் மேலும் ஐந்தாண்டுகள் நீடிக்கும்."

இந்த முறை ஊரும் கைதட்டியது. தங்கையன் கைதட்டவில்லை. அவர் அதற்குள் மண்வெட்டி எடுக்கப் போய்விட்டார்.

*

வாவுக்கு முன்பே முட்டு எழும்பிவிட்டது. தென்னந்தடி தந்தவர்கள் தந்தார்கள், ஓலை முடைந்தவர்கள் முடைந்தார்கள். களிமண்ணை அனுமதி இல்லாமலே வெட்டினார்கள். அனுமதி கேட்டு யாரும் மனு எழுதவில்லை. பெயிண்டுக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஷிபினும் தொடைவரை சேற்றில் நின்று மிதித்தான். "லேய் எம்மெஸ்ஸி, சவுட்டி மிதி லேய், என்னமோ கல்யாணப் பந்தல்ல நிக்க மாதிரி நிக்கியான்" என்று தங்கையன் கரையிலிருந்து விரட்டினார். இரண்டு வருடத்துக் குரல் அவரிடம் சேர்ந்திருந்தது.

வாவன்று கடல் ஏறிவந்து முட்டில் தலையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

ஆணையம் தன் பங்குக்கு முட்டின் கரையில் ஒரு கல் நட்டது. கருப்புப் பளிங்கு, பொன் எழுத்து. திறப்பு விழா முடிந்து ஜீப் போன பிறகு, ஜெபகனி தங்கையனின் மருமகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பார்க்க வந்தாள். முட்டில் ஒரு கசிவை அடைத்துக்கொண்டிருந்த ஷிபின் சேறும் கையுமாக ஏறிவந்து பக்கத்தில் நின்றான். ஜெபகனி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"மேற்படி கோப்பின்கண் என்னால் அளிக்கப்பட்ட மனுவினை எவ்வித நிர்ப்பந்தமுமின்றித் திரும்பப் பெற்றுக்கொள்வதுடன், உள்ளூர்வாசிகளால் மேற்கொள்ளப்படும் மரபுசார் தற்காலிகத் தடுப்புப் பணிகளுக்கு எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லையென்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். மனுதாரர் செல்வி..." நிறுத்தினாள். "செல்வியா?"

"தப்பாப் போட்டுட்டாவ. மாத்தணும்னா மனு போடணுமாம்."

"கெடக்கட்டு." மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "இதுல ஒரு வார்த்த எனக்க மோளுக்க வார்த்த இல்ல."

"இல்ல மாமி."

தங்கையனின் மருமகள் கொஞ்சம் தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டாள். ஜெபகனி கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவ என்னதான் சொன்னா மக்கா?"

ஷிபின் கையிலிருந்த சேற்றைப் பார்த்தான். டிரிப் பாட்டில் மாற்ற ஒரு நர்சு வந்துவிட்டுப் போனாள், என்றான். அவள் கதவைத் தாண்டியதும் ஜெஸ்பின் பக்கத்தில் வா என்று விரலால் கூப்பிட்டாள். காதைக் கொண்டுபோனேன். சொன்னாள். பிறகு தூங்கினாள்.

என்ன சொன்னாள் என்பதையும் சொன்னான்.

ஜெபகனி அவனையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தங்கையனின் மருமகள் ஓடிவந்தாள். ஜெபகனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். முட்டில் நின்றவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த மூக்குத்திக்காரியா? எனக்குத் தெரியும். எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "இன்னொருக்கச் சொல்லு மக்கா. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

ஷிபின் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில், ஜெஸ்பின் சொன்ன மாதிரியே சொன்னான்.

"பாத்தீங்களா, இவ நம்ம கல்யாணத்துக்கு வந்தவளாக்கும். ரெண்டு வாட்டி பிரதமன் பாயாசம் வாங்கிக் குடிச்சிட்டு, பரிசுண்ணு ஒரு டம்ளரு கூடத் தராமப் போனா."